ஞாயிறு சபைக்கு யார் யார் வருகிறார்கள்

சிவமயம்

சிந்துபூந்துறை, திருநெல்வேலி
விரோதிகிருது வருஷம், ஆவணி 10

சென்னப்பட்டணத்திலிருக்கும் அண்ணாச்சி அவர்களுக்குத் தங்கை நீலாம்பாள் செய்துகொள்ளும் நமஸ்காரம். காந்திமதியம்மை தயவில் நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். குழந்தை கோமுவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது, வாய் ஓய்வதில்லை. உங்கள் வயிற்று வலி தேவலையா? மதினி கஷாயம் போட்டுத் தருகிறார்களா, அல்லது ஆபீஸ் வேலையில் அதையும் மறந்துவிடுகிறீர்களா?

ஒரு சந்தோஷமான சங்கதி. ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டும் வக்கீல் வேலையும் இல்லாததால் உங்கள் மாப்பிள்ளை நம் வீட்டு முன்கட்டில் ஒரு சபை ஆரம்பித்திருக்கிறார்கள். ஒவ்வொரு துறையிலும் தெரிந்தவர்களை வரவழைத்துப் பேசச் சொல்லிக் கேட்பது. முதல் வாரம் ஒரு டாக்டர் வந்து குடிதண்ணீரைப் பற்றிப் பேசினார். மறுநாளே தெருவில் பாதி வீட்டில் தண்ணீரைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் நாங்கள் நடுக்கட்டில் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்கிறோம். பேட்டையிலிருந்து ஆபிதா பீவி என்று ஒரு அம்மாள் வந்து எங்களுக்கு மட்டும் தனியாகப் பேசினார். பிறந்த ஊர் காயல்பட்டினம். அவர்கள் வீட்டுப் பெண்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிப் படிப்பார்களாம்! அவருடைய தமையன் பீர் முகம்மது ஜவுளி வியாபாரி. அடிக்கடி பட்டணம் போகிறவர்.

இப்போது மூன்று வாரமாக நாறும்பூநாதன் என்பவர் சரித்திரம் பேசுகிறார். நம் ஆற்றங்கரைக் கல்வெட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி அச்சிட்டிருக்கிறார். அவர் பேசினால் எனக்கு அடுப்பு ஞாபகமே வருவதில்லை. எனக்கு எழுத்தறிவித்தவர் நீங்கள். ஆகையால் இந்தச் சந்தோஷத்தில் பாதி உங்களுக்குச் சேரும்.

தங்கள் அன்பு மறவாத,
நீலாம்பாள்


திருவல்லிக்கேணி, சென்னப்பட்டணம்
ஆவணி 20

சௌபாக்கியவதி நீலாவுக்கு அண்ணன் சிவசண்முகம் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்துச் சந்தோஷம். வயிற்று வலி அப்படியேதான் இருக்கிறது, பட்டணத்துத் தண்ணீர். மதினி சண்முகசுந்தரி உன்னை விசாரித்தாள்.

சபை நல்ல காரியம்தான். ஆனால் காலம் நல்ல காலம் இல்லை. ஆனி மாதம் மணியாச்சியில் கலெக்டர் துரையைச் சுட்டது முதல், திருநெல்வேலி என்று பெயர் சொன்னாலே இங்கே ஆபீஸில் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார்கள். என்னையும் பார்க்கிறார்கள். நாலு பேர் கூடி என்ன பேசினாலும் அரசியல் என்றுதான் நினைப்பார்கள்.

இந்த நாறும்பூநாதன் எந்த ஊர்? எங்கே தங்குகிறார்? முன்பு என்ன உத்தியோகம்? சபைக்கு யார் யார் வருகிறார்கள்? மாப்பிள்ளையைத் தொந்தரவு செய்யாமல் நீயே எழுது. அண்ணன் என்ற முறையில் கேட்கிறேன்.

கோமுவுக்கு முத்தம்.

சிவசண்முகம்


சிந்துபூந்துறை
புரட்டாசி 2

அண்ணாச்சிக்கு வணக்கம். இவ்விடம் எல்லோருக்கும் சுகம். ஆற்றில் புதுத்தண்ணீர், குளித்த கோமுவுக்குச் சளி. இப்போது சரியாகிவிட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அவர் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தாராம். மேலிடத்தோடு ஒத்துப்போகாமல் விட்டுவிட்டாராம். கீழரத வீதியில் ஒரு மாடியறையில் தனியாக இருக்கிறார். சபைக்கு வருகிறவர்கள் இரண்டு வக்கீல்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பீர் முகம்மது, தெருக்காரர்கள் சிலர். அவ்வளவுதான். அரசியல் ஒன்றும் இல்லை.

போன வாரம் அவர் சொன்னதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "கல்வெட்டைப் பார்த்த உடனே கும்பிட்டுறாதீங்க. கல்லும் பொய் சொல்லும். யார் வெட்டச் சொன்னாக, யார் படிக்கணும்னு வெட்டுனாக, எதைச் சொல்லாம விட்டாக, இந்த மூணையும் கேட்டுட்டுப் பெறவு நம்புங்க" என்றார். வாத்தியார் எழுந்து, "அப்ப எதைத்தான்வே நம்புறது?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

வியாழக்கிழமை தோறும் ஆற்றைக் கடந்து ஒரு பாழடைந்த கோயிலுக்குப் போகிறார். கல்லின்மேல் தாளை ஒட்டி, மை தட்டி, பழைய வட்டெழுத்துகளைப் படி எடுக்கிறார். இது சபையில் யாருக்கும் தெரியாது. ஆட்கள் கூடினால் வேலை கெடும் என்று சொல்லவில்லையாம். என் ஆர்வத்தைப் பார்த்து, கதவருகே நின்று எனக்கு மட்டும் சொன்னார். ஒருநாள் அந்தத் தாள்களைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும் மனதுக்குச் சரியாக இல்லை. எதிர்வீட்டு நிழலில் ஞாயிறுகளில் ஒரு ஆள் நிற்கிறான். வெற்றிலை மெல்லுகிறான். போகிறவர்கள் முகத்தைப் பார்க்கிறான். உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "கண்டுக்கிடாத" என்றார்கள். ஆனால் அன்றுமுதல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லுகிறார்கள்.

நீலாம்பாள்


சென்னப்பட்டணம்
புரட்டாசி 11

நீலாவுக்கு ஆசீர்வாதம். குழந்தைக்குச் சளி தீர்ந்தது அறிந்து நிம்மதி. ஆபீஸில் என்னைத் தலைமைக் குமாஸ்தாவாக உயர்த்தியிருக்கிறார்கள். எதிர்பாராதது. மதினி கபாலீசுவரருக்கு அர்ச்சனை செய்தாள்.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். எதிர்வீட்டில் நிற்கிறவனைப் பற்றிக் கவலைப்படாதே. உள்ளே வந்து உட்காருகிறவனைப் பற்றி யோசி. வேலையை விட்ட மனிதன், தனியாக இருக்கிறான், பெரிய வீடுகளில் நுழைந்து, அங்கே வருகிறவர்களோடு பழகுகிறான். போலீஸார் இப்படிப்பட்டவர்களைத்தான் தேடிப் பிடித்து உளவுக்கு வைப்பார்கள் என்று இங்கே ஒரு நண்பர் சொல்லுகிறார். எதையும் நம்பாதே என்று சொல்லிக்கொடுக்கிறவனை மட்டும் நீங்கள் எல்லோரும் நம்புகிறீர்களே! மாப்பிள்ளையிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லு.

அந்தப் பாழடைந்த கோயில் எந்த ஊரில்? அவரோடு வேறு யாரும் போகிறார்களா?

சிவசண்முகம்


சிந்துபூந்துறை
ஐப்பசி 3

அண்ணாச்சிக்கு நமஸ்காரம். உடம்பு சுகம்தான், மனது சுகம் இல்லை. உத்தியோக உயர்வு கேட்டு எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நீங்கள் கேட்டபடி கோயில் இருக்கும் இடத்தை அன்றைக்கே கார்டில் எழுதிப்போட்டேன். உங்கள் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டினேன். அவர்கள் முகம் கறுத்துப்போயிற்று. அடுத்த ஞாயிறு நாறும்பூநாதன் படியேறி வந்தபோது, வாசலிலேயே நிறுத்தி, "இனிமே இங்கன வரவேண்டாம். ஏன்னு கேக்காதீரும்வே" என்றார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். கதவிடுக்கில் என் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுப் பையப் படி இறங்கிப்போனார்.

நாலாம் நாள், வியாழக்கிழமை, அந்தக் கோயிலில் வைத்தே அவரைப் போலீஸார் பிடித்துக்கொண்டுபோனார்கள். போகும் வழியில்கூட அல்ல. அங்கேயே முன்னதாகப் போய் ஒளிந்து இருந்தார்களாம். மை, தாள், வட்டெழுத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டார்கள். "இது என்னலே சங்கேத பாஷை? யாருக்கு எழுதுதே?" என்று கேட்டு அடித்தார்களாம். ஒன்றும் கிடைக்காமல் போன வாரம் விட்டார்கள். தாள்களைத் திருப்பித் தரவில்லை. எட்டு வருஷத்து வேலை. மாடியறைக்காரர் சாமான்களைத் தெருவில் வைத்துவிட்டார். இப்போது பீர் முகம்மது தம் ஜவுளி மூட்டைகள் வைக்கும் கிட்டங்கியில் இடம் கொடுத்திருக்கிறார்.

அண்ணாச்சி, அவர் உளவாளியாக இருந்தால் அவரையே ஏன் அடிக்கிறார்கள்? உங்கள் மாப்பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சபையில் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. வாத்தியார் வருவதை நிறுத்திவிட்டார். வியாழக்கிழமை விஷயம் யார் சொல்லி வெளியே போயிற்று?

பதில் எழுதுங்கள்.

நீலாம்பாள்


சென்னப்பட்டணம்
ஐப்பசி 27

நீலாவுக்கு ஆசி. வேலை அதிகம், அதனால் தாமதம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் சுகம்.

நடந்ததற்கு வருத்தப்படுகிறேன். தபாலில் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்வி. உன் கார்டை யாரும் படித்திருக்கலாம். பீர் முகம்மது விஷயத்திலும் கவனமாக இரு. அடைக்கலம் கொடுக்கிறவன் எல்லாம் நல்லவன் என்று சொல்ல முடியாது. சபை இன்னும் நடக்கிறதா? நடந்தால் எங்கே?

சிவசண்முகம்


சிந்துபூந்துறை
கார்த்திகை 6

அண்ணாச்சிக்கு நமஸ்காரம். அனைவரும் நலம். தபாலை நம்பவேண்டாம் என்று நீங்களே எழுதியதால் இதைப் பீர் முகம்மது கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவரை நீங்கள் நம்பவில்லை என்பதும் தெரியும். அதனால் உறைக்கு அரக்கு வைத்து என் மோதிரத்தால் முத்திரை போட்டிருக்கிறேன். உடையாமல் வந்ததா என்று அவசியம் எழுதுங்கள்.

இனி வீட்டில் சபை இல்லை. இந்த மாதம் இருபதாம் தேதி ஸ்ரீவைகுண்டத்தில், அணைக்கட்டுக்குக் கிழக்கே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் பழைய கல்மண்டபத்தில் சாயங்காலம் கூடுகிறோம். நாறும்பூநாதன் பேசுகிறார். வெளியூரிலிருந்தும் சிலர் வருகிறார்கள். நானும் போகிறேன். உங்களைத் தவிர யாருக்கும் எழுதவில்லை.

நீலாம்பாள்


சென்னப்பட்டணம்
கார்த்திகை 12

நீலாவுக்கு. கடிதம் அரக்கு உடையாமல் வந்து சேர்ந்தது. உன் மோதிர முத்திரை அப்படியே இருந்தது. சுகம் விசாரிக்க நேரம் இல்லை. இன்றைய தபாலில் இது சேரவேண்டும்.

இருபதாம் தேதி நீ ஸ்ரீவைகுண்டம் போகாதே. மாப்பிள்ளையையும் போகவிடாதே. டில்லி தர்பார் சமயம், எங்கும் கெடுபிடி. குழந்தைக்கு ஜுரம் என்று சொல்லியாவது வீட்டிலேயே இரு. என்மேல் ஆணை.

சிவசண்முகம்


ஸ்ரீவைகுண்டம்
கார்த்திகை 23

அண்ணாச்சிக்கு நீலாம்பாள் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் ஆணையிட்டும் போனேன்.

இருபதாம் தேதி அந்த மண்டபத்தில் கூட்டம் எதுவும் இல்லை. யாரையும் நான் அழைக்கவில்லை. நாறும்பூநாதன் திருநெல்வேலியில்தான் இருந்தார். உங்கள் மாப்பிள்ளைக்குத் தெரியாது. பீர் முகம்மதுக்கும் உறைக்குள் என்ன இருந்தது என்று தெரியாது. அப்படி ஒரு கூட்டம் என்பது என் மனதிலும், உங்களுக்கு எழுதிய தாளிலும்தான் இருந்தது.

இங்கே இருக்கும் எங்கள் அத்தையைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, வில்வண்டியில் அந்த வழியாக வந்தேன். யாரும் வந்திருக்கக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். வெயில் இறங்கும் நேரம். வாழைக்குள் சிவப்புத் தலைப்பாகைகள் தெரிந்தன. ஏட்டு வண்டியை மறித்தார்.

"யாரும்மா நீங்க? எங்கன போறீக?"

"அத்தை வீட்டுக்கு."

"இங்கன கூட்டம்னு சொன்னாகளே. ஆளுக யாரையும் பாத்தீகளா?"

"யார் சொன்னாக?"

"அதெல்லாம் பட்டணத்துல இருந்து உத்தரவும்மா" என்றார்.

அதற்குள் மண்டபத்துக்குள்ளிருந்து ஒரு ஆளை இழுத்து வந்தார்கள். கொம்பையா என்று பெயர்; தோட்டத்தில் கூலிவேலை செய்கிறவன். "எங்கலே கூட்டம்? எல்லாரும் எங்கன போனானுக? சொல்லுலே!" என்று ஒருவன் கேட்டான். "கூட்டமா? தண்ணி பாச்சிட்டு இப்பதான் கொஞ்சம் தலைய சாச்சேன் எசமான்" என்றான் அவன். கேட்டவன் ஓங்கி ஒரு அறை அறைந்தான். நான் வண்டியிலிருந்து குதித்தேன். என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கே தெரியாது. வக்கீல் வீட்டு அம்மாள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டுப் போனார்கள். கொம்பையாவின் இடது காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் இன்னும் ஊர் திரும்பவில்லை. அந்தக் காது இனிக் கேட்காது என்கிறார் வைத்தியர். அவன் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறாள், அவனைக் காப்பாற்றினேனாம். அதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த மண்டபத்தைத் தாளில் எழுதியவள் நான். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் நீங்கள். அவன் காதுக்கு நாம் இரண்டு பேரும்தான் பொறுப்பு.

இல்லாத கூட்டத்தை உங்களுக்கு மட்டும் தெரியும்படி எழுதும் முன்பே உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்து, கல்வெட்டைப் படிக்கிறதுபோலப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரு கேள்வி இருக்கிறது. எங்கே, யார், யாரோடு. கேள்விக்கு நான் பதில் எழுதிய பிறகு ஏதாவது நடக்கிறது. உங்கள் நண்பர் யார் என்று ஒரு கடிதத்திலும் இல்லை. போகாதே என்று நீங்கள் ஆணையிட்ட கடிதம் வந்தபோதும், தர்பாருக்குப் பயந்து எழுதியிருப்பீர்கள் என்றே எண்ணிக்கொள்ளப் பார்த்தேன். ஏட்டு வண்டியை மறித்த பிறகு அப்படி எண்ண முடியவில்லை.

பதில் எழுத விருப்பமானால் எழுதுங்கள்.

நீலாம்பாள்


சென்னப்பட்டணம்
தை 2

நீலாவுக்கு அண்ணன் எழுதுவது. பொங்கல் இங்கே சுருக்கமாக முடிந்தது. மதினிக்கு இருமல். எனக்குப் பழைய வயிற்று வலிதான். இந்த வருஷம் மழை இன்னும் விட்டபாடில்லை. ஆபீஸ் ஜன்னல் எல்லாம் ஊறிப்போய்ச் சாத்த முடியவில்லை.

பலமுறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாறும்பூநாதன் அறையைச் சோதித்தார்கள். பீர் முகம்மது கிட்டங்கியைச் சோதித்தார்கள். வாத்தியாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சபை நடந்த வீட்டுக்குள் மட்டும் இதுவரை ஒரு போலீஸ்காரனும் கால் வைக்கவில்லை. அது ஏன் என்று ஒருநாளாவது யோசித்தாயா? ஆவணி மாதம் என்னை ஒரு அறைக்குள் கூப்பிட்டு, மேஜையின்மேல் மாப்பிள்ளையின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு பேசினார்கள். அதற்கு மேல் எழுத முடியாது.

கோமுவுக்கு இந்த மாதக் கடைசியில் காதுகுத்து என்று மாப்பிள்ளை அழைத்து எழுதியிருக்கிறார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாதுபோல் இருக்கிறது. நான் வரலாமா? அன்றைக்கு நாறும்பூநாதன் வருவாரா?

சிவசண்முகம்


சிந்துபூந்துறை
தை 9

அண்ணாச்சிக்கு நமஸ்காரம். இங்கே எல்லோரும் சுகம். மதினிக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுங்கள்.

நீங்கள் எழுதியதை யோசித்தேன். அந்த அறையில் உங்களுக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. என் தாலிக்காகச் செய்தீர்கள் என்பதையும் நம்புகிறேன். ஆனால் தலைமைக் குமாஸ்தா உத்தியோகம் யாருக்காக என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நாறும்பூநாதனை உளவாளி என்று எழுதினீர்களே, அது யாருக்காக என்பதும் இல்லை.

மார்கழி கடைசி ஞாயிறு சபை மறுபடி கூடியது. நாறும்பூநாதனை உங்கள் மாப்பிள்ளை நேரில் போய் அழைத்து வந்தார்கள். ஆனாலும் வாத்தியார் அவரைச் சந்தேகமாகவே பார்த்தார். வருகிற வக்கீல்களில் ஒருவர் பீர் முகம்மதுவை அப்படிப் பார்த்தார். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். முன்கட்டில் ஆண்கள் நடுவில் நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். "இங்கே பேசியது வெளியே போனது என் கடிதங்களால். இவர்கள் யார்மேலும் குற்றம் இல்லை" என்று சொன்னேன். யாருக்கு எழுதிய கடிதம் என்று சொல்லவில்லை. தபாலில் பிரித்திருப்பார்கள் என்று எல்லோரும் அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நாறும்பூநாதன் என்னை நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்கம்மா. இனிமே உள்ள இருந்து கேக்க வேண்டாம், இங்கனயே இருங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு அன்றைய விஷயத்தைப் பேச ஆரம்பித்துவிட்டார். தாள்கள் போய்விட்டன, மறுபடி முதல் கல்லிலிருந்து தொடங்குகிறார். வியாழக்கிழமைகளில் வாத்தியாரும் கூடப் போகிறார்.

உங்கள் மாப்பிள்ளை என்னை ஒன்றும் கேட்கவில்லை. பட்டணத்தைத் தவிர நான் வேறெங்கும் கடிதம் எழுதுவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அன்றிரவு நெடுநேரம் முற்றத்தில் நின்றார்கள். மறுநாள் காலையில் உட்கார்ந்து உங்களுக்குக் காதுகுத்து அழைப்பு எழுதினார்கள்.

ஆகையால் வாருங்கள். மடி உங்களுடையது; அதை வேறொருவருக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. நாறும்பூநாதன் வருவார். ஆபிதா பீவியும் பீர் முகம்மதும் வருவார்கள். இதை யாரிடம் சொல்லவேண்டுமானாலும் சொல்லிவிட்டு வாருங்கள், மறைக்க ஒன்றும் இல்லை. கொம்பையா குடும்பத்தோடு வருகிறான். பந்தியில் உங்கள் பக்கத்தில்தான் அவனுக்கு இலை போடச் சொல்லியிருக்கிறேன். அவனோடு பேச உங்களுக்கு ஏதாவது இருக்கும். வலது பக்கமாக உட்காருங்கள், அண்ணாச்சி. இடது பக்கம் இருந்து சொன்னால் அவனுக்குக் கேட்காது.

நீலாம்பாள்